ஆட்டுப்பால் சோப்பில் குருணை, கொழகொழப்பு, வியர்வை: பினாங்கு சமையலறையில் நான் பட்ட பாடு

தீபாவளிப் பரிசுப் பெட்டியில் வைக்க ஆட்டுப்பால் சோப்பு செய்து தருகிறேன் என்று ஒப்புக்கொண்ட ஆர்டரை முடிக்க முடியாமல், வாங்கிய முன்பணம் 300 வெள்ளியை (மலேசிய ரிங்கிட்) திருப்பி அனுப்பிய கையோடு இதை எழுதுகிறேன். அது போக எண்ணெய், பால், சிலிக்கோன் அச்சு, வாசனை எண்ணெய் என்று கைவிட்டுப் போனது 600 வெள்ளிக்கு மேல் இருக்கும். காசைவிட எரிச்சல் என்னவென்றால், ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோளாறு வந்தது. எல்லாவற்றுக்கும் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "பால் சரியில்லை." பால் சரியாகத்தான் இருந்தது. என்ன நடந்தது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். இந்த ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் பால் சோப்பு ஊற்ற நினைப்பவர்களுக்கு ஒரு அச்சாவது மிச்சமாகட்டும்.

நான் இருப்பது ஆயர் ஈத்தாமில், அடுக்குமாடி வீடு. சமையலறையில் ஜன்னல் ஒன்றுதான், அதுவும் பக்கத்து புளோக்கைப் பார்த்தபடி. பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை போன பிறகு பொழுதுபோக்காகச் சோப்பு செய்ய ஆரம்பித்தேன். தேங்காய் எண்ணெய், சமையல் எண்ணெய், தண்ணீர், காஸ்டிக் சோடா, அவ்வளவுதான். அது நன்றாகவே வந்துகொண்டிருந்தது. பழைய வேலையிடத்துத் தோழி ஒருத்தி பார்த்துவிட்டு, "அக்கா, ஆட்டுப்பால் போட்டுச் செஞ்சா எங்க ஆபீஸ்ல எல்லாரும் வாங்குவாங்கக்கா" என்றாள். தண்ணீருக்குப் பதில் பால், இதில் என்ன பெரிய வித்தியாசம் என்றுதான் தோன்றியது.

மேலே போவதற்கு முன் பாதுகாப்பு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். காஸ்டிக் சோடா விளையாட்டுப் பொருள் இல்லை. பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை வேண்டும். பிள்ளைகள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துச் செய்யுங்கள். நீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும், காஸ்டிக் மேல் நீரை ஊற்றக்கூடாது. அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, காஸ்டிக் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். எவர்சில்வர் அல்லது கெட்டியான பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் பாத்திரம் போதும். தோலில் பட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் நிறைய நேரம் கழுவ வேண்டும். வினிகர் ஊற்றச் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஹார்ட்வேர் கடையில் "சோடா ஆப்பி" என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள், ஆனால் சாக்கடை அடைப்பு நீக்கும் கலவையை நீட்டினால் வாங்க வேண்டாம், அதில் அலுமினியத் துகள் முதல் என்னென்னவோ கலந்திருக்கும். தூய காஸ்டிக் என்று அட்டையில் போட்டிருக்க வேண்டும். வாங்கியதைக் காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். நம் ஊர்க் காற்றில் அது ஈரத்தை இழுத்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் 144 கிராம் நிறுத்தால் அதில் எத்தனை கிராம் ஈரம் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

சரி, பாலுக்கு வருகிறேன். புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஆடு வளர்க்கும் அண்ணன் ஒருவரிடம் பால் வாங்கினேன். லிட்டர் 20 வெள்ளி. "வேற யாருக்கும் இந்த விலைக்குத் தரமாட்டேன் தங்கச்சி" என்று சொல்லித்தான் கொடுத்தார். பெருநிலத்திலிருந்து பாலம் தாண்டித் தீவுக்குக் கொண்டுவந்து, ஐஸ்பெட்டியில் வைத்திருந்த பாலை எடுத்து, வழக்கமாகத் தண்ணீரில் போடுவதுபோலக் காஸ்டிக்கைக் கொட்டிக் கலக்கினேன். கண்ணெதிரே மஞ்சளாகி, பிறகு ஆரஞ்சாகி, கடைசியில் கருப்பட்டி நிறத்துக்கு வந்து நின்றது. மேலே திரிதிரியாக மிதந்தது. வீடு முழுக்க அம்மோனியா வாடை. உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த அத்தை, "ஏம்மா, கக்கூஸ் கழுவுற மருந்தக் கொட்டிட்டியா?" என்று எழுந்து வந்துவிட்டார்.

காரணம் சூடு. அந்த அளவு காஸ்டிக் சாதாரண நீரில் கரைந்தாலே வெப்பம் 80 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். பாலில் நூற்றுக்கு நாலரை பங்கு போல இருக்கும் லாக்டோஸ் சர்க்கரை, சூட்டிலும் காரத்திலும் பழுப்பாகிவிடும். புரதம் சிதைந்துதான் அந்த வாடை வருகிறது. திரிதிரியாக மிதந்ததில் பெரும்பங்கு பால் கொழுப்பு. எண்ணெயைச் சேர்க்கும் முன்பே காஸ்டிக் அதைப் பிடித்துச் சோப்பாக்க ஆரம்பித்துவிடும், பார்ப்பதற்குப் பால் திரிந்த மாதிரி இருக்கும். ஆகவே ஆட்டுப்பால், மாட்டுப்பால், பெட்டிப் பால் எதை ஊற்றினாலும் இந்தச் சூட்டில் இதேதான் நடக்கும். வாடை மட்டும் பயப்பட வேண்டியதில்லை, காய வைக்கும் வாரங்களில் போய்விடுகிறது. நிறம் போகாது.

இதற்கு எல்லாரும் சொல்லும் மருந்து, பாலை உறைய வைத்துச் செய்வது. பாலை ஐஸ் அச்சில் ஊற்றிக் கட்டியாக்கி, பாத்திரத்தை ஐஸ் தண்ணீருக்குள் வைத்து, காஸ்டிக்கைக் கரண்டி கரண்டியாகத் தூவிக் கலக்க வேண்டும். இது உண்மையிலேயே வேலை செய்யும். உறைந்த பால் உருகுவதற்கே காஸ்டிக் கிளப்பும் சூட்டில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. எனக்கும் பால் வெள்ளையாகவே நின்றது. சந்தோஷத்தில் தோழிக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) படம்கூட அனுப்பினேன். ஆனால் சோப்பை வெட்டியபோது உள்ளே குருணை குருணையாக இருந்தது. ஊசி முனை அளவில் வெள்ளை மணிகள், சில இடத்தில் சின்னக் குழி. சாயங்காலம் பார்த்தால் ஒவ்வொரு மணியைச் சுற்றியும் ஒரு பொட்டு ஈரம். விரலை நனைத்து அந்த இடத்தில் தேய்த்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். சுரீர் என்று அடித்தது. கரையாத காஸ்டிக்.

குளிர்ந்த பாலில் காஸ்டிக் மெதுவாகத்தான் கரையும். அதோடு பால் கொழுப்பு சோப்பாகி அந்தப் பாலே கூழாகிவிடுவதால், அடியில் மணி கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரென்றால் தெளிந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளலாம், பாலில் அதற்கு வழியே இல்லை. உறைந்த பால் முறையில் செய்கிறவர்கள் கலக்கி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் நிறுத்தி நிறுத்திக் கலக்குங்கள், பிறகு எவர்சில்வர் வடிகட்டியில் வடித்துத்தான் எண்ணெயில் ஊற்ற வேண்டும். வடிகட்டியில் தங்கும் கூழைக் கரண்டியால் அழுத்திப் பாருங்கள், நறநறவென்றால் இன்னும் கரையவில்லை.

குருணை இல்லாமல் அடுத்ததை எடுத்தேன். இப்போது வேறு வம்பு. நாள் கணக்காகியும் சோப்பு அச்சிலிருந்து கழன்று வரவில்லை. இழுத்தால் பாதி அச்சிலேயே ஒட்டிக்கொண்டது, கத்தி வைத்தால் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. இதற்கும் பால்தான் காரணம் என்றார்கள், பாலில் கொழுப்பு அதிகம், அது சோப்பை இளக்குகிறது என்று. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 300 கிராம் பாலில் கொழுப்பு 12 கிராம் போல இருக்கும். ஒரு கிலோ எண்ணெய்க்கு அது நூற்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். அதனால் சோப்பு இவ்வளவு கொழகொழக்காது.

உண்மையான காரணம் எண்ணெய்ப் பொட்டலத்தில் இருந்தது. வெளிநாட்டுச் செய்முறைகளில் பனை எண்ணெய் என்று எழுதியிருப்பது அறை வெப்பத்தில் கட்டியாக இருக்கும் முழுப் பனை எண்ணெய். நாம் மளிகைக் கடையில் 2 வெள்ளி 50 காசுக்கு வாங்கும் ஒரு கிலோ பொட்டலம் பாம் ஓலின், அதாவது கெட்டியான பகுதியைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் திரவப் பகுதி. சோப்புக்குக் கெட்டித்தனம் கொடுக்கிற பால்மிட்டிக் அமிலம் அதில் குறைவு. காஸ்டிக் அளவு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் காஸ்டிக் அளவைக் கணக்கிட்டுத் தரும் சோப்புக் கணிப்பானில் போட்டாலும் எந்த எச்சரிக்கையும் வராது. தண்ணீர் மட்டும் ஊற்றிச் செய்த காலத்தில் என் சோப்பில் தேங்காய் எண்ணெய் பாதிக்கு மேல் இருந்தது, அதனால் இது தெரியவே இல்லை. ஆட்டுப்பால் சோப்பு தோலுக்கு மென்மையாக இருக்கட்டும் என்று தேங்காய் எண்ணெயைக் குறைத்து ஓலினை ஏற்றியதும் வண்டவாளம் வெளியே வந்தது. உலகத்துக்கே பனை எண்ணெய் அனுப்பும் நாட்டில் உட்கார்ந்துகொண்டு சோப்புக்கு வேண்டிய பனை எண்ணெயைத் தேடி அலைந்ததை நினைத்தால் இப்போது சிரிப்புதான் வருகிறது.

சோப்புச் சாமான் விற்பவர்களிடம் பாம் ஸ்டியரின் கிடைக்கிறது. ஓலினைப் பிரித்தபோது ஒதுங்கிய அந்தக் கெட்டிப் பகுதிதான் இது. ஓலினில் ஒரு பங்கை எடுத்துவிட்டு இதைச் சேர்த்தால் சோப்பு நன்றாக இறுகும். சாதாரண உப்பும் உதவும், ஒரு கிலோ எண்ணெய்க்கு ஒரு தேக்கரண்டி, காஸ்டிக் போடும் முன்பே நீரில் கரைத்துவிட வேண்டும்.

அந்த ஸ்டியரின்தான் அடுத்த குழப்பத்தைக் கொண்டுவந்தது, எனக்கு மிகவும் வயிற்றெரிச்சல் தந்ததும் அதுதான். ஸ்டியரின் உருக 50 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு வேண்டும். நானோ உறைந்த பாலை அதில் ஊற்றுகிறேன். சூடான எண்ணெயில் குளிர்ந்த பால் விழுந்ததும் ஸ்டியரின் அங்கங்கே உறைந்துகொண்டது. கலவை சட்டென்று கெட்டியாவதைப் பார்த்து ட்ரேஸ் (எண்ணெயும் காஸ்டிக்கும் கலந்து சோப்பாகத் தொடங்கி, கூழ்போலத் தடிக்கும் நிலை) வந்துவிட்டது என்று நினைத்து அச்சில் ஊற்றிவிட்டேன். அது ட்ரேஸ் இல்லை, எண்ணெய் குளிரில் கட்டியானதுதான். வெட்டினால் உள்ளே வெள்ளைப் புள்ளிகள். முந்திய அனுபவம் மனதில் இருந்ததால் இதுவும் காஸ்டிக்தான் என்று பயந்து, பிள்ளைகள் கை வைப்பதற்குள் மொத்தத்தையும் பையில் கட்டிக் கீழே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன். 80 வெள்ளிச் சாமான். சில நாள் கழித்து அலமாரிக்குப் பின்னால் விழுந்திருந்த ஒரு துண்டு கிடைத்தது. நாக்கில் வைத்தேன், ஒன்றுமில்லை. கை கழுவினேன், நுரை அருமையாக வந்தது. நல்ல சோப்பு குப்பைக்குப் போயிருக்கிறது.

ஆகவே புள்ளி தெரிந்ததும் முதலில் அது என்ன புள்ளி என்று பாருங்கள், மாற்றுவதும் தூக்கிப் போடுவதும் அப்புறம். மூன்று வகை வரும். காஸ்டிக் மணி கடினமாக இருக்கும், கத்தி அதில் இடறும், உதிர்ந்தால் குழி தெரியும், நம் ஊர்க் காற்றில் சில மணி நேரத்திலேயே சுற்றி ஈரம் கோக்கும், நாக்கில் சுரீர் என்னும். கொழுப்புப் புள்ளி பாசிப்பருப்பு அளவில் தட்டையாக இருக்கும், வெட்டுப் பரப்பில் கத்தி இடறாது, நகத்தால் தேய்த்தால் சோப்போடு சோப்பாக இழுபடும், நாக்கில் ஒன்றும் செய்யாது. அழகு மட்டும்தான் கெடும், தாராளமாகக் குளிக்கலாம். பால் திப்பி மங்கிய மஞ்சள் அல்லது பழுப்பு நிறம், நகத்தால் நோண்டினால் முழுசாகக் கழன்று வரும், தண்ணீரில் போட்டால் நுரைக்காமல் அப்படியே கிடக்கும். அது ஆபத்தில்லை, ஆனால் அதிகம் இருந்தால் மாதக்கணக்கில் வைத்திருக்கும் சோப்பில் வாடை கிளம்பும். காகிதக் காரச் சோதனையை (pH தாள்) மட்டும் நம்ப வேண்டாம். சோப்பே காரம்தான், நல்ல சோப்பும் 9, 10 என்றுதான் காட்டும். நாக்குச் சோதனையும் ஒரே இடத்தில் செய்தால் போதாது, சந்தேகப்படும் புள்ளிகள் மேல் தனித்தனியாகச் செய்ய வேண்டும். விரலால் லேசாகத் தொட்டு வைத்தால் போதும், சோப்பை நக்க வேண்டாம்.

சூடு விஷயம் அச்சில் ஊற்றிய பிறகும் முடிவதில்லை. எண்ணெய் சோப்பாகும்போது தானே சூடு கிளம்பும், பால் சர்க்கரை அதை இன்னும் ஏற்றிவிடும். நம் சமையலறை ஏற்கெனவே 30 டிகிரி. நடுவில் மட்டும் சூடேறி, இளகிக் கண்ணாடிபோல ஆகும் ஜெல் நிலைக்குப் போய் ஓரம் போகாமல் நின்றால், வெட்டும்போது நடுவே கருத்த வட்டமும் சுற்றி வெளிறிய வளையமும் தெரியும். குளிக்க ஒரு தடையும் இல்லை, ஆனால் பரிசுப் பெட்டியில் வைத்தால் பழைய சரக்கு என்று கேட்பார்கள். ஆசைப்பட்டு ஒருமுறை தேனும் சேர்த்தேன். மேல் பகுதி நடுவில் வெடித்து எழும்பி, உள்ளே புழு துளைத்த மாதிரிக் குழாய் குழாயாகக் கிடந்தது. போர்வை போர்த்தி வையுங்கள் என்று வீடியோவில் சொல்வது குளிர்நாட்டுக்காரர்களுக்கு. நமக்கு எதிர்மாறு: பால் சோப்பை ஊற்றியதும் மின்விசிறிக்கு நேராக வைக்கலாம், அல்லது இரவு முழுக்க ஐஸ்பெட்டியில் வைக்கலாம். ஒரே பெரிய அச்சைவிட ஒல்லியான அச்சு, அல்லது தனித்தனிக் குழி உள்ள அச்சு, சூட்டைச் சீக்கிரம் விடும். ஐஸ்பெட்டியில் வைப்பதென்றால் பெலாச்சான் (இறால் விழுது) டப்பாவையும் முந்தின நாள் மீன்குழம்பையும் முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். குழம்பில் லவண்டர் வாசனை வந்தது என்று என் கணவர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

இவ்வளவையும் தாண்டி, ஒரு வழியாக நன்றாக வந்த சோப்புகளைக் காய வைத்தேன். ஆர்டரே இதை நம்பித்தான் இருந்தது. ஆனால் பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மாதங்கள்தான் ஆண்டிலேயே அதிகம் மழை கொட்டும் காலம். தீபாவளிக்கான சோப்பு காய வேண்டியதும் சரியாக அப்போதுதான். நாலிலிருந்து ஆறு வாரத்தில் ஈரம் வெளியேறிச் சோப்பு இறுக வேண்டும். வெளியே போக வேண்டிய ஈரம் போகாதது மட்டுமல்ல, இருக்கிற கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தையும் உள்ளே இழுத்தது. காலையில் எழுந்து பார்த்தால் ஒவ்வொரு சோப்பின் மேலும் முத்து முத்தாக நீர். துடைத்தால் மறுபடி வரும். துணியால் துடைத்துத் துடைத்து மேல்பரப்பு வழவழப்புப் போய்ச் சொரசொரப்பானது. அவசரத்தில் பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றிப் பெட்டியில் அடுக்கினேன். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் பெட்டியின் அட்டையையே ஊற வைத்துவிட்டது. திறந்து பார்த்த தோழி ஒன்றும் சொல்லவில்லை, "பரவாயில்லக்கா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள். அதைக் கேட்டதும்தான் அழுகை வந்தது.

வியர்த்த சோப்பு கெட்டுப்போன சோப்பு இல்லை. துடைக்காமல் உலர விடுவதுதான் அதற்கு மருந்து. நான் பிறகு செய்தது இது: படுக்கையறையில் ஏர்கோன் ஓடும் நேரத்தில் சோப்புத் தட்டுகளை அங்கே மாற்றினேன், பகலில் கதவைச் சாத்தி, ஈரம் உறிஞ்சும் சின்ன இயந்திரத்தை இரவல் வாங்கி ஓடவிட்டேன். சோப்புகளுக்கு நடுவில் இரண்டு விரல் இடைவெளி, அடியில் ஓட்டையுள்ள பிளாஸ்டிக் தட்டு. இரும்புக் கம்பித் தட்டு வேண்டாம், துருவும் உலோகமும் பட்ட இடத்தில் எண்ணெய் காறி ஆரஞ்சுப் புள்ளி விழும். சமையலறையிலும் குளியலறைக்குப் பக்கத்திலும் காய வைக்கவே வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு, காற்று புகும் காகிதத்தில் சுற்றலாம், இல்லையென்றால் முழுக்க அடைக்கும் சுருங்கு தாளில் இடைவெளியில்லாமல் மூடலாம். இரண்டுக்கும் நடுவே, சமையலறைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றுவதுதான் மோசம்.

நடுவில் செய்து பார்த்த சில்லறைச் சோதனைகளையும் சொல்லிவிடுகிறேன். தயிர் போட்டால் புளிப்பு காஸ்டிக்கைத் தின்றுவிடும் என்று பயமுறுத்துவார்கள். சாதாரணத் தயிரில் லாக்டிக் அமிலம் நூற்றுக்கு ஒன்று போலத்தான், 100 கிராம் தயிர் அரை கிராம் காஸ்டிக்கைக்கூடத் தின்னாது. தயிரில் உண்மையான பிரச்சினை அதன் கட்டிதான். மிக்சியில் அடித்து, வடிகட்டி, எண்ணெயோடு சேர்த்துவிட்டால் வழுவழுப்பாக வருகிறது. தே தாரிக்குப் (ஆற்றிய பால் தேநீர்) போடும் இனிப்புக் கெட்டிப்பாலைச் சோப்பில் ஊற்றலாமா என்று அத்தை கேட்டார். அதில் பாதிக்குப் பக்கம் சர்க்கரை, தேனுக்கு நடந்ததுதான் அதற்கும் நடக்கும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தேங்காய்ப்பால் ஊற்றுவதென்றால் ஒன்றைக் கவனியுங்கள்: அதில் கொழுப்பு ஆட்டுப்பாலைப்போல நாலைந்து மடங்கு. 300 கிராம் கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றினால் 50, 60 கிராம் எண்ணெய் கூடுதலாகச் சேர்ந்துவிடும், அப்போது சோப்பு உண்மையிலேயே இளகும்.

இப்போது நான் கைக்கொள்வது பாதி நீர், பாதி பால் முறை. ஐஸ் கட்டியும் வேண்டாம், அவசரமும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் 300 கிராம், பாம் ஓலினும் ஸ்டியரினும் சேர்ந்து 400, ஆலிவ் எண்ணெய் 250, விளக்கெண்ணெய் 50. இதற்கு 5 சதவீத எண்ணெய் சோப்பாகாமல் மிச்சம் நிற்கும்படி கணக்கிட்டால் காஸ்டிக் 144 கிராம் வருகிறது. நீங்கள் எண்ணெயை மாற்றினால் இந்த எண்ணைப் பயன்படுத்தாமல் கணிப்பானில் போட்டுப் புதிதாக எடுங்கள். 144 கிராம் காஸ்டிக்கை 150 கிராம் தண்ணீரில் கரைக்கிறேன். காஸ்டிக்கின் எடை அளவுக்காவது தண்ணீர் இருக்க வேண்டும், அதற்குக் குறைந்தால் முழுக்கக் கரையாது. இந்தக் கரைசல் மிகவும் சூடாகும், அப்படியே ஓரமாக வைத்து 40 டிகிரிக்கு இறங்கவிடுகிறேன். தண்ணீர் என்பதால் தெளிந்துவிட்டதா என்று கண்ணாலேயே பார்க்கலாம், குருணைப் பயமே இல்லை. எண்ணெயை உருக்கி 45 டிகிரிக்குக் கொண்டுவந்து, மிச்ச 150 கிராம் பாலை இளஞ்சூடாக அதில் ஊற்றிக் கை பிளெண்டரால் அடித்துவிடுகிறேன். சூடு இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதால் ஸ்டியரின் உறைவதில்லை. பிறகு காஸ்டிக் நீரை மெதுவாக ஊற்றி, பிளெண்டரை விட்டு விட்டு இயக்குகிறேன். கரைசல் கெட்டியானது என்பதால் ட்ரேஸ் சீக்கிரம் வரும், வாசனை எண்ணெயை முன்பே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். நிறம் பாலேடு மாதிரி இருக்காது, கொஞ்சம் மஞ்சளோடிய வெள்ளை. எனக்கு அது போதும்.

முழுப் பால் அளவும் வேண்டும் என்பவர்கள் பால் பவுடரை எடுத்துக்கொள்ளலாம். 37 கிராம் முழுக்கொழுப்புப் பவுடரை, பாலுக்குப் பதிலாக எடுக்கும் 150 கிராம் நீரில் (காஸ்டிக் கரைக்கும் நீரில் அல்ல) கரைத்து எண்ணெயில் அடித்தால், 300 கிராம் பால் ஊற்றியதற்குச் சமம். பவுடரை ட்ரேஸ் வந்த பிறகு தூவினால் கட்டி தட்டும், முதலிலேயே எண்ணெயில் அடித்துவிட வேண்டும். ஆட்டுப்பால் பவுடரும் கிடைக்கிறது. பாலம் தாண்டிப் போய் வாங்கும் செலவும் அலைச்சலும் மிச்சம், சோப்பில் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை.

குருணையோடு வந்த சோப்பு உங்களிடம் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு துருவி, ஸ்லோ குக்கரில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மெல்லிய சூட்டில் கூழாகும்வரை வைத்தால் கரையாத காஸ்டிக் கரைந்து மிச்ச எண்ணெயோடு சேர்ந்துவிடும். ஆறியதும் பல இடத்தில் நாக்குச் சோதனை செய்து பாருங்கள், சுரீர் என்னாதவரை சரி. அழகாக இருக்காது, கரடுமுரடாகத்தான் வரும், நிறமும் கருக்கும். வீட்டில் கை கழுவ வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் அதிகம் ஊற்றிவிட்டால் காய்வதற்கு மாதக்கணக்காகும்.

விற்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. மலேசியாவில் குளியல் சோப்பும் அழகுசாதனப் பொருள் கணக்கில் வரும், சந்தையில் விடும் முன் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமைக்கு முறைப்படி அறிவிக்கை கொடுக்க வேண்டும், தயாரிக்கும் இடத்துக்கும் விதிமுறை உண்டு. அக்கம்பக்கம் கொடுப்பது வேறு, ஆபீஸ் ஆர்டர் வேறு. ஆர்டர் கை நழுவிய பிறகுதான் இதை விசாரித்தேன். அதனால் தோழிக்கு இந்த முறை விலைக்கு எதுவும் இல்லை, அவள் வீட்டுக்கு மட்டும் கொடுக்கப் போகிறேன். அடுத்த தீபாவளிக்கான சோப்பை மழை இறங்கும் முன், ஜூன் ஜூலையிலேயே ஊற்றி ஆகஸ்டுக்குள் காயவைத்து மூடிவிடுவதாக இருக்கிறேன்.